பிச்சியின் இடது மூக்கு

குதிரைக்கு வாயால் மூச்சு விட முடியாது. பதினெட்டு வருஷம் பம்பாயில் விக்டோரியா வண்டி ஓட்டியவன் நான். இது எனக்குத் தெரியாமலே இருந்தது. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கும். நமக்குச் சளி பிடித்தால் வாயைத் திறந்து தூங்குகிறோம். குதிரைக்கு மட்டும் ஆண்டவர் மூக்கு ஒன்றைத்தான் வழியாக வைத்திருக்கிறார். அது அடைபட்டால் வேறு வழி கிடையாது. இதை எனக்குச் சொன்னவர் மிருக ஆஸ்பத்திரி டாக்டர். சொல்லும்போது அவர் கையில் கத்தி இருந்தது. அதனால் நான் நம்பவில்லை.

எங்கள் பங்குச் சாமியார், "சூசை, உன் குதிரைக்கு நடந்ததை எழுது. மற்றவர்களுக்கு உதவும்" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பிச்சி செம்பழுப்பு நிறப் பெண்குதிரை. வாங்கும்போது அவள் பெயர் பிஜிலி. என் மனைவி புஷ்பத்துக்கு அந்தப் பெயர் வாயில் வராமல் பிச்சி என்று கூப்பிட்டாள்; அதற்கும் குதிரை காதைத் திருப்பியதால் அதுவே நிலைத்தது. தாராவி ஓரத்தில் ஒரு தபேலாவில், அதாவது குதிரை லாயத்தில், ஏழு குதிரைகளோடு அவளும் நின்றாள். பக்கத்துக் கட்டுத்தறியில் மாருதியின் வெள்ளைக் குதிரை. மாருதி சாத்தாரா பக்கத்து மராட்டியன். பத்து வருஷம் நம் ஆட்களோடு இருந்து தமிழ் பேசப் பழகியவன். மரியாதைச் சொல் மட்டும் படியவில்லை. என்னை 'அண்ணா' என்பான், அடுத்த வார்த்தையே 'நீ' என்பான்.

ஆடி மாத மழையில் பிச்சிக்குச் சளி பிடித்தது. மிளகும் கருப்பட்டியும் கொடுத்தோம். யூகலிப்டஸ் இலை போட்டு ஆவி காட்டினோம். எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஒரு வழக்கம் உண்டு. ஊர் அந்தோணியார் கோவில் விளக்கில் எரிந்த எண்ணெய் ஒரு சின்ன புட்டியில் எப்போதும் இருக்கும். துணியில் ஒரு கீற்றுக் கிழித்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால் மூன்று முடிச்சுப் போட்டு, அந்த எண்ணெயில் நனைத்து, நோவு உள்ள இடத்தில் வைத்து ஜெபிப்போம். பிச்சிக்கும் அந்தோணியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமை பார்த்து அப்படிச் செய்தேன். மறுநாளே சளி குறைந்தது. தோத்திரம் சொன்னேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து அவளது இடது மூக்கிலிருந்து மட்டும் சீழ் வர ஆரம்பித்தது. மஞ்சளாக, கெட்ட வாடையோடு. ஓடும்போது மூச்சில் ஒரு சத்தம், ஈர மரத்தை ரம்பத்தால் அறுப்பது மாதிரி. மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து காய்கறிக் கூடையோடு வழக்கமாக ஏறும் மாமிகள் இரண்டு பேர், "என்ன இது, வண்டியிலே நாத்தம்?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

முதலில் அவளை எனக்கு விற்ற தரகன் மீதுதான் சந்தேகம் வந்தது. ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரைகளில் சிலவற்றுக்குத் தொண்டையில் ஒரு பக்கம் தளர்ந்து, ஓடினால் உறுமுகிற நோய் உண்டு. அதை மறைத்து விற்பார்கள் என்று தபேலாவில் பேசிக்கொள்வார்கள். ஆனால் பிச்சி நாலு வருஷம் சத்தமில்லாமல் ஓடியவள். பின்னே சீழ் எங்கிருந்து வந்தது? யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள் என்று மனசு சொன்னது. யார் என்று தேட ஆரம்பித்தால் கண்ணுக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்துவிடும்.

மாருதி தன் வாளியைத் தனியாக எடுத்து வைத்தான். அதுவரை இரண்டு குதிரைக்கும் ஒரே வாளித் தண்ணீர்தான். பிறகு தன் வெள்ளையைக் கடைசித் தூணுக்கு மாற்றிக் கட்டினான். ஒருநாள் காலையில் நான் போனபோது பிச்சியின் முகத்தருகே குனிந்து நின்றவன், என்னைப் பார்த்ததும் விலகினான். போன வருஷம் அவளை அவன் விலைக்குக் கேட்டு நான் மறுத்ததும் ஞாபகம் வந்தது. மாட்டுங்கா ஸ்டேஷன் ஸ்டாண்டில் முதலிடத்துக்கு எங்களுக்குள் நடந்த சண்டையும் ஞாபகம் வந்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. கொள்ளுப் பையில் ஏதோ கலந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. தபேலாவில் எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னேன். அவன் காதிலும்தான்.

அவன் பதிலுக்குச் சண்டை போடவில்லை. "அண்ணா, நீ பேசறதைப் பேசு. இவளை முதல்ல ஆஸ்பத்திரி கொண்டு போ" என்றான்.

அதிலும் ஒரு சூது இருப்பதாகவே எனக்குப் பட்டது. கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் உண்டு. மூக்கில் புண் வந்து சீழ் ஒழுகும். ஒரு குதிரையிலிருந்து மற்றதற்கு ஒட்டும். மனிதனுக்கும் ஒட்டிக் கொல்லும். அது இருப்பதாகத் தெரிந்தால் சர்க்கார் குதிரையைச் சுட்டுப் புதைத்துவிடும். இவன் அதற்குத்தான் அனுப்பப் பார்க்கிறான் என்று புஷ்பத்திடம் சொன்னேன்.

"ஏங்க, அவன் அனுப்புதானோ இல்லியோ, பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. அதப் பாருங்க முதல்ல" என்றாள் அவள்.

மறுநாள் வண்டியில் பூட்டாமல் கயிற்றில் பிடித்து நடத்திப் போனேன். கிங் சர்க்கிள் தாண்டும் வரை சமாளித்தாள். பிறகு பத்தடிக்கு ஒருதரம் நின்றாள். மூக்குத் துளைகள் கிழிந்துவிடுவது போல விரிந்தன. விலா உள்ளே போய் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நாலு காலையும் அகட்டி நின்றுவிட்டாள். ஒரு சத்தம் போட்டாள். அது கனைப்பும் இல்லை, இருமலும் இல்லை.

டாக்டர் ஓடி வந்தார். வயதானவர், மூக்குக்கண்ணாடி. கைகளை அவள் மூக்குக்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் காற்றே வரவில்லை. உள்ளே வீங்கி நடுத்தண்டு வலது பக்கம் தள்ளியிருப்பதால் அந்தப் பக்கமும் பாதிதான் என்றார். அவர் இங்கிலீஷ் கலந்த வேகமான ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எனக்குச் சொன்னவர் கணபதி, அங்கே மருந்து கட்டும் டிரெஸ்ஸர், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், வடாலாவில் குடியிருப்பவர்.

"அண்ணாச்சி, தொண்டைக் குழாயில ஓட்ட போட்டு வளையம் வைக்கணுமாம். மூச்சு அது வழியா போகும். குதிரை வாயால மூச்சு விடாது, தெரியும்லா?"

"கழுத்தை அறுக்கவாவே நான் இவளைக் கொண்டாந்தேன்?"

"அறுக்காம விட்டா அரை மணி நேரம் தாங்காது. கையெழுத்தப் போடும்."

பக்கத்தில் நாலைந்து மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். ஏழை வீட்டுக் குதிரை கிடைத்தது, படிக்கிற பிள்ளைகளுக்குக் கை பழக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். டாக்டர் ரப்பர் உறை மாட்டி, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். தொட்டால் ஒட்டும் என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள் என்று தோன்றியது. பிச்சியின் முழங்கால் மடங்கப் போவதைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, கழுத்தின் முன்பக்கம் விரல் நீளத்துக்குக் கீறி, மூச்சுக் குழாயில் உலோக வளையத்தைச் சொருகினார். 'புஸ்' என்று ஒரு காற்று. சளியும் ரத்தமும் டாக்டர் கண்ணாடியில் தெறித்தன. அடுத்த மூச்சில் பிச்சியின் விலா இழுப்பது நின்று நிதானமானது. கண்ணை மூடித் திறந்தாள். உயிர் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்படியும் டாக்டரை நம்பினேனா என்றால், இல்லை.

யார் மேலாவது சந்தேகம் உண்டா, தீனியில் ஏதாவது சேர்ந்ததா என்று அவர் கேட்டார். மாருதி என்று பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிச்சியை மற்ற மிருகங்களிடமிருந்து ஒதுக்கி ஒரு தகரக் கொட்டகையில் கட்டினார்கள். மாலீன் என்று ஒரு மருந்தைக் கீழ் இமைத் தோலுக்குள் ஒரு சொட்டு ஏற்றினார்கள். கிளாண்டர்ஸ் இருக்கிற குதிரைக்கு இரண்டு நாளுக்குள் அந்தக் கண் வீங்கிப் பீளை தள்ளும். இல்லாத குதிரைக்கு ஒன்றும் ஆகாது. அதுவரை மூக்குக்குள் யாரும் கருவி விடக் கூடாதாம். உள்ளே ரத்தம் வந்தால் விடுகிறவருக்கு நோய் ஒட்டலாம்.

அந்த இரண்டு நாள் நான் கொட்டகைக்கு எதிரே ஒரு சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கால் ஒடிந்த ஆட்டோடு ஒருவர், கிளிக்கூண்டோடு ஒரு பார்ஸிப் பாட்டி. நான் குதிரைக்காரன், என்ன நோய் என்று இன்னும் தெரியவில்லை என்றதும் இரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்தார்கள். ஊசியாலேயே கண்ணை வீங்க வைத்துவிடுவார்களோ என்று சந்தேகம். போடுகிற புல்லில் சந்தேகம். கண்ணில் தூசி விழுந்து தானாகவே வீங்கிவிட்டால் யார் கேட்பது என்று சந்தேகம். முதல் நாள் சாயங்காலம் இமை கொஞ்சம் உப்பியிருந்தது. ஊசி குத்தினால் அப்படித்தான் இருக்கும், கவலை இல்லை என்றார்கள். இருந்தாலும் அடிக்கடி எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். அந்த இமையில் இருந்தது அவள் உயிர்.

புஷ்பம் மத்தியானம் தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டு வந்தாள். நான் எல்லாச் சந்தேகத்தையும் கொட்டினேன்.

"அந்த ஆளு கத்தி வச்சிருந்தாரு புஷ்பம்."

"டாக்டரு பின்ன கரண்டியா வச்சிருப்பாரு? கஞ்சியக் குடிங்க."

பிறகு கொட்டகைக்கு வெளியே நின்று பிச்சியின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வளையத்தைச் சுற்றி ஈ மொய்த்தது. ஈ உள்ளே போனால் நெஞ்சுக்குப் போய்விடும் என்று கணபதி சொல்லக் கேட்டவள், மறுநாள் வரும்போது ஒரு வலைத்துணி கொண்டு வந்தாள். நாலு பக்கமும் மடித்துத் தைத்து, கட்ட நாடாவும் வைத்திருந்தாள். பார்த்ததும் தெரிந்துகொண்டேன், அவள் பூசைக்குப் போடும் முக்காடு. கணபதி அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து வளையத்தின் மேல் கட்டினார். பிச்சி மூச்சு விடும்போது அந்த வலை மெல்ல எழும்பி அமர்ந்தது.

நான் அன்று அந்தோணியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிறவர் அவர். 'இதைச் செய்தது யார் என்று காட்டும். எல்லாருக்கும் தெரியும்படி காட்டும்' என்று கேட்டேன். சுகம் தாரும் என்று கேட்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாம் நாள் முடிந்தது. கண் தெளிவாக இருந்தது. வீக்கமில்லை, பீளையில்லை. கிளாண்டர்ஸ் இல்லை என்று டாக்டர் சொன்னபோது அந்தச் சிமெண்டு மேடையிலேயே முழங்கால் போட்டேன். பார்ஸிப் பாட்டி கிளிக்கூண்டை மறுபடி என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்து மூக்குக்குள் பார்க்க வேண்டும். பிச்சியைக் கனமான மரச்சட்டத்துக்குள் நிறுத்தினார்கள். அவளுக்கு மயக்கமாக இருக்க மருந்து கொடுத்தாலும், தலையைப் பிடிக்கப் பழகிய கை வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் நான். மறுபக்கம்?

வாசலில் மாருதி நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. ஸ்டாண்டுக்குப் போகாமல் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான்.

"அண்ணி சொல்லுச்சு ஆள் வேணும்னு" என்று மட்டும் சொல்லி, வந்து கடிவாளக் கயிற்றைப் பிடித்தான். பிச்சி அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. செய்த இடத்தைப் பார்க்கக் குற்றவாளி வருவான் என்று மனசுக்குள் ஓடியது.

டாக்டர் விரலால் கன்னத்து எலும்பைத் தட்டிக் கேட்டார். பல் வேரில் சீழ் கட்டினால், இல்லை மூக்கில் சதை வளர்ந்தால், அந்தப் பக்கம் சத்தம் மந்தமாக இருக்குமாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. மெல்லிய ரப்பர் குழாயை விட்டுப் பார்த்தார். வலது மூக்கில் தொண்டை வரை போனது. இடதில் ஒரு சாண் தாண்டியதும் நின்றது. மருந்து பீய்ச்சி மரத்துப்போக வைத்து, டார்ச் வெளிச்சத்தில் நீளமான இடுக்கியை விட்டார். பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்து மெதுவாக இழுத்தார்.

முதலில் ரத்தம். பிறகு வாடை. மாணவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். பிறகு கறுப்பாக, கயிறு மாதிரி ஒன்று, வந்துகொண்டே இருந்தது. பிச்சி ஒரு தும்மல் போட்டாள். முழுவதும் எனாமல் தட்டில் விழுந்தது.

டாக்டர் அதன்மேல் தண்ணீர் ஊற்றி இடுக்கியால் விரித்தார். துணி. அவர் முகம் சிவந்துவிட்டது. கணபதியிடம் படபடவென்று பேசினார்.

"அண்ணாச்சி, இது சீக்கு இல்லவே. யாரோ வேணும்னே திணிச்சிருக்கானாம். ரேஸ் குதிரைக்கு ஸ்பாஞ்சு திணிப்பானுவளாம், ஓடக்கூடாதுன்னு. அதே வேலை. வெளிய வந்திரக் கூடாதுன்னு முடிச்சு வேற போட்டிருக்கான் பாரும். ஒண்ணு, ரெண்டு, மூணு."

நான் தட்டைப் பார்த்தேன்.

மூன்று முடிச்சு. மேலே நெருக்கமாக இரண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒன்று. என் இடது கைப் பெருவிரல் வளையாது. நான் முடிச்சுப் போட்டால் அப்படித்தான் விழும். துணியின் ஓரத்தில் என் பழைய வேட்டிக்கரை தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. நுனியைப் பிடித்துக்கொண்டுதான் இடது மூக்குக்குள் வைத்தேன். பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே சொல்லக் கண்ணை மூடினேன். பிச்சி தலையை உதறி உறிஞ்சினாள், தும்மினாள். கண்ணைத் திறந்தபோது துணி இல்லை. வைக்கோலில் விழுந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் சளி குறைந்ததும் அதை மறந்தே போனேன்.

"போலீஸ்ல எழுதிக் குடுக்கணுங்காரு. டாக்டரே சாட்சி சொல்லுவாராம்" என்றார் கணபதி. "அன்னைக்கி ஒரு பேரு சொன்னீரே, அது என்னன்னு கேக்காரு."

டாக்டரே யோசித்துச் சொன்னார்: "மாருதி."

கயிற்றைப் பிடித்திருந்தவன் நிமிர்ந்தான். "மாருதி நான்தான், சாகேப்" என்றான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மாணவன் ஒருவன் ஓரடி பின்னால் போனான். மாருதி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். கயிற்றை விடவும் இல்லை; விட்டால் பிச்சியின் தலை சட்டத்தில் மோதும்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் கேட்டபடி அந்தோணியார் காட்டிவிட்டார், எல்லாருக்கும் தெரியும்படிச் சொல்ல வேண்டியது மட்டும் என் பாடு என்று விட்டிருந்தார்.

"கணபதி, டாக்டர்ட்ட சொல்லும். அது என் வேட்டி. முடிச்சு நான் போட்டது. சாமி எண்ணெயில நனச்சு நாந்தான் வச்சேன், சளிக்கு. இவன் ஒண்ணும் செய்யல."

கணபதி என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஏதோ கேட்டார்.

"வலது மூக்குல என்ன வச்சீருன்னு கேக்காரு."

"ஒண்ணும் வைக்கல" என்றேன். மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். மாருதி சிரிக்கவில்லை. பிச்சியை வெளியே கொண்டுவந்து கட்டும் வரை பிடித்திருந்தான். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்பது நாள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவார்கள், பென்சிலின் ஊசி. மூன்றாம் நாள் வாடை போனது. வீக்கம் வடிந்து இரண்டு மூக்கிலும் காற்று வந்ததும் தொண்டை வளையத்தைக் கழற்றினார்கள். தையல் போடவில்லை, ஓட்டை தானாகவே நாளுக்கு நாள் சுருங்கியது. டாக்டர் ஒருநாள் புஷ்பத்தின் வலைத்துணியைத் தொட்டுக் காட்டி, "துணி கட்டத் தெரிந்தவர் வீட்டில் இவர்தான்" என்றார். அவள் ஒரு மாதமாகப் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டுதான் கோவிலுக்குப் போகிறாள். கேட்டால் வலைத்துணி பிச்சிக்கே இருக்கட்டும் என்கிறாள்.

டாக்டரைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். என்ன நினைத்தேன் என்று அவருக்குத் தெரியாததால் அவர் விழித்தார்.

பிச்சியைத் தபேலாவுக்குக் கூட்டிவந்த சாயங்காலம் எல்லாக் குதிரைக்காரர்களும் இருந்தார்கள். மாருதி கடைசித் தூணருகே வெள்ளைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போகவில்லை. எங்கே நின்று அவனைக் கெடுத்துப் பேசினேனோ அங்கேயே தண்ணீர்த் தொட்டியருகே நின்று, முதலில் தமிழிலும் பிறகு எனக்குத் தெரிந்த ஹிந்தியிலும், துணி என்னுடையது, கை என்னுடையது, மாருதிமேல் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

மாருதி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நானும் உன் பிச்சியைப் பாத்துப் பயந்தேன் அண்ணா" என்றான். "கிளாண்டர்ஸ்னு நினைச்சேன். என் பாப், என் அப்பன், அதுல செத்துப் போனான், குதிரைக்காரன்தான். அதான் வாளி தனியா வச்சேன். காலையில உனக்கு முன்னால வந்து அவ மூக்கு மோந்து பாத்தேன். சொன்னா நீ நம்ப மாட்டே."

"நம்பியிருக்க மாட்டேன்" என்றேன்.

"உன் சாமிக்கு எண்ணெய் வேணும்னா விளக்குல ஊத்து. மூக்குல ஊத்தாதே."

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தோணியாரை நான் ஒன்றும் குறைவாக நினைக்கவில்லை. எண்ணெய்ப் புட்டி அதே மாடத்தில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஜெபமும் நடக்கிறது. ஜெபம் சொல்லும்போது கண்ணை மட்டும் மூடுவதில்லை.

மாருதி வெள்ளையை அவிழ்த்துப் பழைய இடத்தில், பிச்சிக்குப் பக்கத்தில் கட்டினான். தன் வாளியைத் தொட்டியில் முக்கி எடுத்து இரண்டுக்கும் நடுவில் வைத்தான். பிச்சி முதலில் முகத்தை இறக்கினாள். மூக்கு இரண்டும் தண்ணீருக்கு மேலே விரிந்து, சத்தமில்லாமல் மூச்சு விட்டன. வெள்ளை அவளைத் தள்ளிக்கொண்டு தன் மூக்கையும் நுழைத்தது. ஒரே வாளியில் இரண்டும் குடித்தன. நான் காலி வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி நிரப்பப் போனேன்.